வலியைச் சொல்லும் வழி

"எங்கே வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார். என் தாயார் ஏறத்தாழ மூன்று நிமிடம் பேசினார். நான் மருத்துவர் பக்கம் திரும்பி, "குட்னே மே தர்த் ஹை" என்றேன். முட்டியில் வலி என்று பொருள். மூன்று நிமிடத் தமிழ், நான்கு சொல் இந்தி ஆயிற்று. அவரும் 'முட்டித் தேய்மானம்' என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அன்பர்களே, நான் தில்லிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அலுவலகத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவன். ஆகவே அம்மாவுக்கும் மருத்துவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நிற்க என்னைவிடத் தகுந்தவன் யார் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அது தவறு என்று தெரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அம்மா ஒருமுறை இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார்.

நம் சங்கக் குடும்பங்களில், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்கள் பலர். நாட்பட்ட வலி எதுவும் இல்லாதவர் அவர்களில் குறைவு. அந்த வலியின் கதையைக் கைப்பேசியின் துணையோடு மருத்துவரிடம் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். பட்டதையும் படித்ததையும் எழுதுகிறேன்.

நாட்பட்ட வலி என்பது எது?

கை சுட்டால் வலிக்கிறது. புண் ஆறினால் போய்விடுகிறது. அது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. அந்த மணி மூன்று மாதத்துக்கு மேலும் நிற்காமல் அடித்தாலோ, விட்டு விட்டு மீண்டும் மீண்டும் அடித்தாலோ அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு இதற்கெனத் தனிக் குறியீடே தந்திருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, அதுவே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டாயிற்று.

சர்க்கரையை அளக்கலாம், இரத்த அழுத்தத்தை அளக்கலாம். வலியை அளக்கக் கருவி இல்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தேய்ந்திருப்பது தெரியும், வலி தெரியாது. தேய்ந்த முட்டியோடு ஓடியாடி வேலை செய்பவரும் உண்டு. படத்தில் ஒன்றும் இல்லாமல் துடிப்பவரும் உண்டு. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்த இலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தம் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும், வாய்விட்டுச் சொல்ல இயலாததனாலேயே வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் குறிப்புகள் சேர்த்தது. ஆக, இந்த வழக்கில் சாட்சி ஒருவர்தான். அந்தச் சாட்சி தமிழில் பேசுகிறார், நீதிபதிக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நிற்கும் பிள்ளைக்கோ அலுவலகத்துக்கு நேரமாகிறது. பிறகு வழக்கு என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் நடந்தது

அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலமான பிறகு 2018இல் இங்கு அழைத்து வந்தோம். அதற்கு முன் 2015இல், ஊரில் கால்வலிக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டதில் வயிற்றில் புண்ணாகிச் சிகிச்சை பெற்றிருந்தார். 'இந்த வகை மாத்திரை இனிக் கூடாது' என்று அங்கே எழுதிக் கொடுத்த தாள், அம்மாவின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கடியில் பத்திரமாக இருந்தது. பெட்டி ஊரில் என் தம்பி வீட்டில் இருந்தது. அம்மாவுக்கு மாத்திரையின் நிறம் நினைவிருந்தது; பெயர் நினைவில்லை.

தில்லியில் கொடுத்த மாத்திரையின் நிறமும் பெயரும் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான், டைக்ளோஃபினாக். மருந்துக் கடைகளில் ஒரே மருந்து பற்பல வணிகப் பெயர்களில், தனியாகவும் பாராசிட்டமாலோடு சேர்த்தும் விற்கப்படுகிறது. 2019 டிசம்பரில் ஒரு விடியற்காலை அம்மா இரத்த வாந்தி எடுத்தார்.

மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். "முன்பு வயிற்றுப் புண் வந்ததுண்டா?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். நான் அம்மாவிடம் திரும்பி, "வயிறு எரியுமாம்மா?" என்றேன். "ரெண்டு மருமக்கமாரக் கட்டி மேய்ச்சவளுக்கு வயிறு எரியாம இருக்குமாய்யா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மனைவியும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே மருத்துவரிடம் "நஹீன்" என்றேன். கேட்ட கேள்வி ஒன்று, நான் கேட்டது இன்னொன்று, அம்மா சொன்னது மூன்றாவது.

அதன்பின் அந்த மாத்திரைகளை நிறுத்தினோம். வலி நிற்கவில்லை. பூங்கா வரை நடந்தவர், தெருமுனை வரை நடந்தார். பிறகு வாசலோடு நின்றார். 2022இல் இரண்டு முட்டிகளையும் மாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. பணத்துக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கினேன்.

அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் என் மகள், "அப்பா, பாட்டி சொல்றதை நீங்க டாக்டர்கிட்ட சொல்றதே இல்லை. நீங்க நினைக்கிறதைத்தான் சொல்றீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு ராத்திரி பாட்டியோடு தனியாக உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "பாட்டி, உங்க கால் கதையை முதல்லேருந்து சொல்லுங்க" என்று கேட்டாள். பதினெட்டு நிமிடம். பின்பு அதை வாக்கியம் வாக்கியமாக, எதையும் விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். அதில் ஒரு பகுதி:

"கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் உளைஞ்சு கனத்துப் போவுது, இரும்புக் குண்டு கட்டினாப்ல. உக்காந்தா சரியாயிருது. காய்கறி வண்டிக்காரன் வந்தாம்னா அந்த வண்டியப் புடிச்சிக் குனிஞ்சு நிப்பேன், அப்ப நல்லாருக்கும். அதுக்காவவே ரெண்டு கத்திரிக்கா கூட வாங்குவேன்."

மருத்துவர் இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "குனிந்தால் தேவலையாகிறதா? இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்றார். முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் குழாய் வயதாக ஆகச் சிலருக்குக் குறுகிவிடுகிறது. நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும் நரம்பு நெருக்குண்டு கால் உளைகிறது. முன்பக்கம் குனிந்தால் இடம் சற்று அகன்று வலி தணிகிறது. கடையில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தால் நோயாளிக்குச் சுகமாக இருக்கும் என்பது மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லப்படுவதாம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள், அதுதான். முட்டியிலும் தேய்மானம் உண்டு, ஆனால் அம்மாவை வாசலோடு நிறுத்தியது முட்டி அன்று. அறுவைப் பேச்சு கைவிடப்பட்டது. உடற்பயிற்சியும், பிடித்துக் குனிந்து நடக்கச் சக்கரம் வைத்த நடைவண்டியும் வந்தன.

அந்தக் காய்கறி வண்டியை அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சுருக்கிய மூன்று நிமிடத்துக்குள் அதுவும் இருந்தது.

வலிக்கு எத்தனை பெயர்!

கனடாவில் மாண்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர், நோயாளிகள் வலியை வர்ணிக்கும் சொற்களைச் சேகரித்து, 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். அதில் 78 சொற்கள், 20 பிரிவுகளில். ஒரே 'வலி' என்று நாம் சொல்வதற்குள் துடிப்பது, சுடுவது, குத்துவது, இழுப்பது, களைப்பூட்டுவது, அச்சுறுத்துவது என்று இத்தனை வகை இருக்கின்றன என்பதும், எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பது நோயைக் கண்டறிய உதவும் என்பதும் அவர் கண்டது. பிற்கால மின்னணு வலிக் குறிப்பேடுகள் பலவற்றுக்கு இந்த வினாத்தாள் ஒரு மூதாதை.

தமிழனுக்கு இதில் வியப்பில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, காந்தல், எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, விறைப்பு, மதமதப்பு என்று நம் பாட்டிமார் வாயில் வராத சொல்லா? சுருக்கென்று தைக்கும், விண்விண்ணென்று தெறிக்கும், சுரீரென்று இழுக்கும். கொங்கு நாட்டார் நோவு என்பார்கள். இவை வெறும் அலங்காரம் அல்ல. சர்க்கரை நோயாளி ஒருவர் பாதம் காந்துகிறது, மதமதவென்று இருக்கிறது என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, மடக்கி நீட்ட ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் மூட்டழற்சியாக இருக்கக்கூடும். இரண்டையும் 'தர்த்' என்று சொல்லிவிட்டால் தடயம் அழிந்தது.

இங்கு வாழ்பவர்களுக்காகச் சில இந்திச் சொற்கள்: எரிச்சலுக்கும் காந்தலுக்கும் ஜலன், குத்தலுக்குச் சுபன், மரத்துப்போவதற்குச் சுன்ன், ஊறி ஊறி ஜிவ்வென்று இருப்பதற்கு ஜுன்ஜுனி, விறைப்புக்கு அகடன், விட்டு விட்டுத் தெறிப்பதற்கு டீஸ். உளைச்சலுக்கு ஒற்றைச் சொல் கிட்டவில்லை, விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியை முழுக்க நம்ப வேண்டாம். குடைச்சல் என்று நான் எழுதியதை அது 'தொந்தரவு' என்று ஆக்கிவிட்டது. அகராதிப்படி அது தப்பில்லை, மருத்துவருக்குத்தான் பயனில்லை.

நினைவை நம்பலாமா?

மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போய், "இந்த மாதம் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்கிறோமே, அது எவ்வளவு சரி? 1996இல் டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும், பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும், குடலுக்குள் குழாய் விட்டுச் சோதிக்கப்பட்ட 154 பேரிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் குறித்து வாங்கி, பிறகு மொத்தத்தில் எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். மிகக் கடுமையாக வலித்த கணமும் கடைசி நிமிடங்களுமே நினைவில் நின்றன. எவ்வளவு நேரம் வலித்தது என்பது கணக்கிலேயே வரவில்லை. நேற்று நன்றாக இருந்தால் மாதமெல்லாம் நன்றாக இருந்ததாகத் தோன்றும் என்பதை இதிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

சரி, நோட்டில் எழுதலாமே என்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு படிக்கச் சுவையானது. நாட்பட்ட வலியுள்ள 80 பேரில் பாதிப் பேருக்குக் காகிதக் குறிப்பேடு, மறுபாதிக்குக் கையடக்க மின்னணுக் குறிப்பேடு. காகிதக் குறிப்பேட்டின் அட்டைக்குள் வெளிச்சம் பட்டால் உணரும் கருவி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். எப்போது திறக்கப்பட்டது என்று அது குறித்துக்கொள்ளும். காகிதக்காரர்கள் குறித்த வேளைகளில் 90 விழுக்காடு எழுதியதாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒளித்து வைத்த கருவியின் கணக்கோ 11 விழுக்காடு! மூன்றில் ஒரு பங்கு நாள்கள் குறிப்பேடு திறக்கப்படவேயில்லை. நேரத்துக்குச் சிணுங்கி நினைவூட்டிய மின்னணுக் குறிப்பேட்டில் 94 விழுக்காடு. கோடை விடுமுறை வீட்டுப்பாடத்தைப் பள்ளி திறக்கும் முதல் நாள் இரவில் எழுதி முடித்தவர்கள் நம்மிலும் உண்டல்லவா!

டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோயுள்ள சிறுவர்களுக்காக 'பெயின் ஸ்குவாட்' என்ற கைப்பேசிச் செயலி செய்தார்கள். பிள்ளை ஒரு காவல் படையில் சேருகிறான். வலியைத் தவறாமல் பதிவு செய்தால் பதவி உயர்வு. பாட்டிகளுக்கும் யாராவது இப்படி ஒன்று செய்தால் தேவலை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

இதற்கென விலை கொடுத்துச் செயலி எதுவும் வாங்கவில்லை. கைப்பேசியோடு வரும் குறிப்பேடு, ஒலிப்பதிவு, ஒளிப்படக்கருவி, அலாரம் ஆகிய நான்கும் போதுமானவையாக இருந்தன.

முதலில் வரலாறு. 'எப்போது தொடங்கியது?' என்றால் அம்மா ஆண்டு சொல்லமாட்டார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு மறு வருஷம், ஐப்பசி மழைல" என்பார். அதை நாங்கள் 2009 அக்டோபர் வாக்கில் என்று மாற்றிக்கொண்டோம். இப்படி ஒவ்வொன்றையும் வீட்டு நிகழ்ச்சியோடு கோத்துக் கேட்டால் பெரியவர்களின் நினைவு நம்முடையதைவிடத் துல்லியம்.

பிறகு ஒற்றைப் பக்கத் தாள் ஒன்று. ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் தமிழ், அம்மா தானே படித்துச் சரிபார்ப்பதற்காக. உச்சியில், தடித்த எழுத்தில், ஒவ்வாத மருந்தும் அது செய்த கேடும் ஆண்டும். மருந்தை வணிகப் பெயரால் எழுதாமல், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயராலேயே எழுதினோம். அடுத்து மற்ற நோய்கள், செய்துகொண்ட அறுவைகள், இப்போது சாப்பிடும் மருந்துகளும் அளவும். நாட்டு மருந்து, தைலம், பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை இவற்றையும் வெட்கப்படாமல் சேர்க்க வேண்டும். அதன்பின் வலி: எங்கே, எப்படிப்பட்டது (தமிழ்ச் சொல்லும் அதன் விளக்கமும்), எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, எந்த வேலையைத் தடுக்கிறது. கடைசியில், இதுவரை செய்த சிகிச்சைகளும் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பலனும். மருத்துவருக்கு இருக்கும் சில நிமிடங்களில் படித்து முடிக்க ஒரு பக்கம்தான் ஏற்றது; பதினெட்டு நிமிடப் பதிவின் முழு எழுத்துப் பிரதி பின்னால் இணைந்திருக்கும், வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம்.

தினப் பதிவுக்கு இரவு எட்டு மணிக்கு அலாரம். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு எண் சொல்லச் சொன்னால் அம்மா எப்போதும் "பத்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே வேறு கணக்குக்கு வந்தார். "இன்னைக்கி பன்னிரண்டணா வலி." அணாக் கணக்கு மாறித் தசமக் கணக்கு வந்தது 1957இல், அவர் சிறுமியாக இருந்தபோது. ஆனாலும் பதினாறில் பங்கு போடுவது அவருக்குக் கைவந்த கணக்கு. நாங்கள் அதையே எழுதி, மருத்துவருக்குக் காட்டும்போது பத்துக்கு ஏழரை என்று மாற்றுகிறோம். கூடவே, அடுப்படியில் எத்தனை நிமிடம் நின்றார், எந்த வீட்டு வாசல் வரை நடந்தார் என்பதும் உண்டு. மருத்துவர் பெரிதும் பார்ப்பது இதைத்தான்.

பழைய சீட்டுகளைப் படமெடுத்து, தேதியைப் பெயராக இட்டுச் சேர்த்தோம். மருந்துக் கடைச் சீட்டின் மை இரண்டு கோடையில் மங்கிவிடும், தள்ளிப்போடாதீர்கள். பூட்டிய திரையிலிருந்தே அவசரத்தில் பார்க்கத்தக்க மருத்துவக் குறிப்பு இடும் வசதி இன்றைய கைப்பேசிகளில் இருக்கிறது. அம்மாவின் கைப்பேசியில் ஒவ்வாத மருந்தை அங்கே இட்டோம்.

ஆபா எண்

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பெறும் 14 இலக்க எண்ணே ஆபா. கட்டணமில்லை, கட்டாயமுமில்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் தரும் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் இந்த எண்ணோடு இணைத்து, நம் ஒப்புதலின் பேரில் வேறொரு மருத்துவருக்குக் காட்டலாம். ஊர்விட்டு ஊர் வாழும் நம்போன்றோருக்கு இது நல்ல ஏற்பாடு. 2015இல் இது இருந்திருந்தால் தகரப் பெட்டிக்கு வேலையிருந்திராது. ஆனால் எல்லாத் தனியார் மருத்துவர்களும் இதில் இல்லை. தெருமுனைச் சிறு மருத்துவரின் சீட்டு தானாக வந்து சேராது. ஆகவே கையிலுள்ள தாளை விட்டுவிட வேண்டாம். இன்னொன்று: ஆபா என்பது அடையாள எண், காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் அட்டை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மருத்துவமனையில் வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த இன்னொரு பிழை

அம்மாவின் ஒலிப்பதிவு கேட்கக் கேட்க எனக்கு உருக்கமாக இருந்தது. ஊரில் இருப்பவர்களும் கேட்கட்டுமே என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அதில், நடக்கும்போது சிறுநீர் அடங்காமல் போவதைப் பேத்தியிடம் தாழ்ந்த குரலில் அம்மா சொல்லியிருந்தார். எனக்கே அதுவரை தெரியாது. இருபத்தாறு பேர் கேட்டார்கள். சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடமே விசாரித்தார். அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. "டாக்டருக்குன்னு சொன்னத ஊருக்குச் சொன்னியே" என்று நான்காம் நாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

பதிவை அழித்தேன், ஆனால் கேட்டவர் காதிலிருந்து அழிக்க முடியாது. இப்போது அந்தக் கோப்புகளின் கடவுச்சொல் அம்மாவிடமும் பேத்தியிடமும் மட்டும் இருக்கிறது. எதை மருத்துவரிடம் காட்டலாம் என்பதை அம்மா சொல்கிறார். மகனிடம் சொல்லக் கூசுவதைப் பேத்தியிடமோ கைப்பேசியிடமோ சொல்ல முடிகிறது என்பதும் எனக்குப் பாடம். அந்தச் சிறுநீர்ச் செய்தி முதுகெலும்பு மருத்துவருக்கு மிக முக்கியமான ஒன்றாக இருந்தது. நரம்பு கடுமையாக நெருக்குண்டாலும் அப்படி ஆகலாம், தாமதிக்கக் கூடாது என்று அன்றே வேறு பரிசோதனைகள் செய்தார். நல்லவேளை, காரணம் வேறாக இருந்தது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து உதவுபவரையும் சேர்த்து நான்காக எண்ணி முடிகிறது. அந்த நாலாமவன் நான் என்ற நினைப்பில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது மருத்துவர் அறையில் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அம்மா தாளைத் தன் கையாலேயே நீட்டுகிறார்.

ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் என் மகளும் நானும் இருப்போம். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், கைப்பேசி இவற்றைக் கொண்டுவந்தால் ஒற்றைப் பக்கத் தாளைத் தயாரித்துத் தருகிறோம். பெரியவர்களைக் கட்டாயம் உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் இல்லாமல், அவர்கள் பிள்ளைகள் சொல்வதை மட்டும் கேட்டு எழுதுவதில்லை என்று என் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.